மாளிகையில் இருந்தவ

— இந்த ஹோட்டலிலை தலையணைக்கும் ஒரு மெனு வைச்சிருக்கினம் அத்தான். இந்தாங்கோ, வாசிச்சுப் பாருங்கோ. வாத்துச் செட்டை ஒண்டு, ஆட்டு மயிர் ஒண்டு, கழுத்து நோவுக்காரருக்கு வேறை ஒண்டு. போனிலை சொன்னாக் கொண்டுவந்து தருவினம்.

— எனக்குப் பசிக்கேல்லை ஜோசுவா.

— பகிடி விடாதையுங்கோ.

— ஆர் பகிடி விட்டது? முப்பது வருசமா என்னட்டை ஒரு தலையணைதான். அதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு செலஸ்ரீனாவுக்குத்தான் தெரியும், அவவும் சொல்லாமல் போட்டா. சரி, வெளிக்கிடும். பூசைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான். அக்காவின்ரை முப்பத்தோராம் நாளுக்கு அயர்லாந்திலையிருந்து வந்த தம்பி பிந்திப் போனா, சனம் என்னட்டைத்தான் கேக்கும்.

— கொஞ்சம் இருங்கோ அத்தான். அந்தக் கதிரையிலை இருங்கோ.

— இதிலை இருக்கலாமோ? நூதனசாலைக் கதிரை மாதிரிக் கிடக்குது. கயிறு கட்டேல்லை, அதாலை இருக்கிறன்.

— இதெல்லாம் என்ன அத்தான். அங்கை அயர்லாந்திலை எங்கடை கோட்டையிலை இருக்கிற கதிரையளைப் பாத்தா என்ன சொல்லுவியள்? எண்ணூறு வருசத்துக் கோட்டை. ஆறு சுத்தி ஓடுது. இப்ப ஹோட்டல் எண்டாலும் அந்தப் பாரம்பரியத்தை விடேல்லை. பின்னேரத்திலை ஒருத்தர் யாழ் வாசிப்பார். இரவிலை வெள்ளை உடுப்போடை ஒரு பெட்டை படியாலை இறங்கி வாறவளாம்.

— அவளும் வாடகை குடுக்கிறவளோ?

— அது பேய் அத்தான்.

— நல்லது. பேய்க்கும் தலையணை மெனு குடுக்கினமோ எண்டு கேட்டுப் பாரும்.

— உங்களோடை கதைக்கேலாது. மேலை பாருங்கோ. கூரையைப் பாருங்கோ. அந்தச் சித்திரத்தைப் பாருங்கோ.

— பாத்தனான். அந்த இடப்பக்கத்திலை செட்டை முளைச்ச சம்மனசுக்கு முந்தி மூக்கு இல்லை. மழை ஒழுகி விழுந்து போச்சு. இப்ப நல்ல மூக்கு ஒண்டு வைச்சிருக்கினம். மிலானோக் கொம்பனி இந்த மாளிகையை வாங்கினாப் பிறகு சம்மனசுக்கும் மிலானோ மூக்கு.

— அக்கா இந்த அறையிலைதானே இருந்தவ?

— ஆர் சொன்னது?

— படம் அனுப்பினவவெல்லோ. இந்தக் கூரை தெரியுது, இந்த யன்னல் தெரியுது, அங்காலை கடல் தெரியுது. அந்தப் படத்தைத்தான் இந்த ஹோட்டல்காரருக்கு அனுப்பி, எனக்கு இந்தக் கூரை இருக்கிற அறைதான் வேணும் எண்டு கேட்டு எடுத்தனான். நீங்கள் நினைக்கிறியள், உங்கடை பகேரியா வீட்டிலை படுக்க எனக்கு மரியாதைக் குறைச்சல் எண்டு. அப்பிடி இல்லை அத்தான். அக்கா படுத்த இடத்திலை ஒரு இரவு படுக்க வேணும் எண்டு எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்டுமில்லை. நல்ல ஆசை. எழும்பும், போவம். நடந்தே போகலாம். இந்தப் பலெர்மோக் கால்சாப் பக்கத்திலை இருந்து கோயிலுக்குக் கன தூரம் இல்லை.

— இந்தப் பெட்டியையும் தூக்க வேணும். பாரம்.

— ஒரு இரவுக்கு வந்த மனிசனுக்கு என்ன இவ்வளவு பெரிய பெட்டி?

— திறந்து காட்டுறன் இருங்கோ. உங்களுக்குக் கடைசியிலை காட்டுவம் எண்டுதான் வைச்சிருந்தனான். இந்தாங்கோ. கையிலை பிடியுங்கோ. எப்பிடி?

— இது என்ன?

— நினைவு மலர் அத்தான். அக்காவுக்கு. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் குடுக்காமல் விடுறதோ? யாழ்ப்பாணத்திலை அடிச்சு எடுப்பிச்சனான். தடிச்ச தாள். அட்டையிலை பொன் எழுத்து. தடவிப் பாருங்கோ, கையிலை முட்டும்.

— கண்ணாடி கொண்டுவரேல்லை. நீரே வாசியும்.

— "மன்னார் மண் ஈன்றெடுத்த மங்காத மாணிக்கம், பலெர்மோ பெருமாளிகையின் தலைமை நிர்வாகி, இத்தாலியப் பிரபு குலத்தின் அந்தரங்க ஆலோசகர், அமரர் திருமதி செலஸ்ரீனா பேனாட் அவர்களின் நினைவுகளைச் சுமந்து..."

— நிப்பாட்டும். அந்தரங்க என்ன?

— ஆலோசகர்.

— ஆர் எழுதினது?

— நான்தான் விசயத்தைச் சொன்னனான். தமிழை ஒரு மாஸ்டர் பாத்து எழுதினவர். அக்காவே எனக்குச் சொன்னவ அத்தான், மாளிகைக்காரச் சிஞ்ஞோறா தன்னைக் கேளாமல் ஒண்டும் செய்யமாட்டா எண்டு.

— அது உண்மைதான். கக்கூசுக்குப் போறதெண்டாலும் அவவைக் கேட்டுத்தான் போறவ. கை பிடிக்க ஆள் வேணுமெல்லோ.

— அத்தான்.

— அந்தரங்கமும் சரிதான். அதைவிட அந்தரங்கமான ஆலோசனை உலகத்திலை இல்லை.

— செத்துப்போன மனிசியைப் பற்றி, அதுவும் உங்கடை மனிசியைப் பற்றி, இப்பிடிக் கதைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வருது?

— எனக்கு வேறை மாதிரிக் கதைக்கத் தெரியாது ராசா. வேறை மாதிரிக் கதைச்சா அழுதுபோடுவன். இந்தப் புத்தகத்தை என்ன செய்யப் போறீர்?

— கோயில் வாசலிலை மேசை போட்டுக் குடுக்கிறது. பூசை முடிஞ்சோடனை ஃபாதர் எனக்கு மைக் தருவார், கேட்டு வைச்சிருக்கிறன். முன்னுக்கு நிண்டு ஒரு பத்து நிமிசம் பேசுவன். ஒரு ஏழைக் குடும்பத்திலை பிறந்த பெட்டை கடல் கடந்து வந்து ஒரு மாளிகையை ஆண்ட வரலாறு. சனம் தெரிஞ்சுகொள்ள வேணும்.

— வேண்டாம் தம்பி.

— ஏன்?

— வேண்டாம் எண்டா வேண்டாம். வந்தீர், பூசை பாத்தீர், மெழுகுதிரி கொளுத்தினீர், அது காணும். புத்தகத்தை மூடி வையும்.

— காரணம் சொல்லுங்கோ.

— இண்டைக்குக் கோயிலுக்கு ஆர் வாறது தெரியுமோ? அகஸ்ரீனா வருவா, ஒரு டொக்டர் வீட்டிலை சமைக்கிறவ. கனகேஸ்வரி வருவா, சைவக்காரி, எண்டாலும் எங்கடை செலஸ்ரீனாவுக்காக வருவா. அவவும் ஒரு கிழவியைப் பாக்கிறவ. மற்றவை படி கழுவுறவை, சட்டை தேய்க்கிறவை, கபோச் சந்தையிலை ஆற்றையோ சாமானைச் சுமந்துகொண்டு போறவை. வியாழக்கிழமை பின்னேரம் எல்லாருக்கும் அரை நாள் லீவு. அந்தக் கடற்கரை வாங்கிலிலை வரிசையா இருந்து கச்சான் தின்னுவினம். எந்தச் சிஞ்ஞோறா என்ன திட்டினவ, எந்த வீட்டிலை எந்தத் தரை வழுக்கும், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். செலஸ்ரீனா அந்த வாங்கிலின்ரை ஒரு அந்தத்திலை இருக்கிறவ. விளங்குதோ நான் சொல்லுறது?

— அவையளுக்குப் பொறாமை வரும் எண்டு சொல்லுறியள்.

— ஐயோ ஆண்டவரே.

— வரட்டும். சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

— சிரிக்கமாட்டினம். அதுதான் எனக்குப் பயம். சிரிச்சா நான் தாங்குவன், நானே எல்லாரையும் பாத்துச் சிரிக்கிற ஆள். அவையள் சிரிக்காமல், தலையைக் குனிஞ்சுகொண்டு, ரெண்டு கையாலையும் வாங்கிக்கொண்டு போவினம். வீட்டை போய் ஒரு சொல்லும் கதைக்கமாட்டினம். அதை நான் பாக்கேலாது.

— அத்தான், நேராச் சொல்லுங்கோ. அக்கா இந்த மாளிகையிலை இருக்கேல்லையோ?

— இருந்தவ. உமக்கு அவ ஒரு பொய்யும் சொல்லேல்லை. மாளிகையிலை இருக்கிறன் எண்டு சொன்னவ, இருந்தவ. சிஞ்ஞோறா என்னைக் கேட்டுத்தான் எல்லாம் எண்டு சொன்னவ, அதுவும் சரி. மிச்சத்தை உம்மடை மாஸ்டரும் பொன் எழுத்தும் சேர்ந்து செய்தது.

— அப்ப என்ன வேலை?

— கூட்டுறது. துடைக்கிறது. சமைக்கிறது. கிழவியைக் குளிப்பாட்டுறது, உடுப்பு மாத்துறது, இரவிலை மூண்டு தரம் எழும்பித் திருப்பிப் படுப்பிக்கிறது. கிழவி பொல்லாதவ எண்டும் சொல்லமாட்டன். கடைசிக் காலத்திலை செலஸ்ரீனாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு 'மம்மா' எண்டு கூப்பிட்டவ. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவவுக்கு அப்பிடி ஒரு பிள்ளை, தொண்ணூறு வயசிலை. நானும் செலஸ்ரீனாவும் ஒண்டாப் படுத்தது கிழமைக்கு ஒரு இரவு, வியாழன். அதிலையும் விடியப் பஸ் பிடிச்சு ஓடுவா.

— நீங்கள் பொய் சொல்லுறியள்.

— எனக்கென்ன லாபம்?

— படம் இருக்குதே. இந்த அட்டையைப் பாருங்கோ. பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு, இந்தச் சுவரிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறா. வேலைக்காரி நிக்கிற மாதிரியோ நிக்கிறா?

— அந்தப் படம் எடுத்தது நான்.

— என்ன?

— சிஞ்ஞோறாவை மகன் பல்லு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு. பின்கதவாலை வரச்சொல்லி எனக்குப் போன் பண்ணினவ. நான் வந்து, காலைக் கழுவி, சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு, கள்ளன் மாதிரி இந்த அறைக்குள்ளை வந்தனான். சால்வை சிஞ்ஞோறான்ரை. போட்டுக்கொண்டு கேட்டவ, 'எப்பிடி இருக்கிறன்' எண்டு. நான் சொன்னன், 'பூனை மயிர் ஒட்டியிருக்குது' எண்டு. அண்டைக்கு வடிவா இருக்கிறாய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். என்ரை வாய் அப்பிடி.

— ஏன் எடுத்தவ?

— உமக்கு அனுப்பத்தான். அப்பதான் நீரும் எழுதியிருந்தீர், கோட்டையிலை அறைகளுக்குப் பொறுப்பு எண்டு. தம்பி கோட்டையிலை, அக்கா குசினியிலை எண்டா அவனுக்குச் சபையிலை குறைச்சல் எண்டு சொன்னவ. இந்தப் படத்திலை காலைப் பாரும்.

— கால் தெரியேல்லை.

— தெரியாமல்தான் எடுத்தனான். றப்பர் செருப்பு.

— அப்ப, அத்தான்... அவ எங்கை படுத்தவ?

— ஆரோ கதவைத் தட்டுகினம். திறவும்.

— பெர்மெஸ்ஸோ? அறை கிளீன் பண்ண வரலாமோ, சிஞ்ஞோரே... அட, பேனாட் அங்கிள். நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?

— வா மொனிகா. இது செலஸ்ரீனாவின்ரை தம்பி, ஜோசுவா. அயர்லாந்திலையிருந்து வந்தவர். தம்பி, இது எங்கடை கோயில் பிள்ளை, இஞ்சைதான் வேலை.

— வணக்கம் அங்கிள். அன்ரி உங்களைப் பற்றி எப்பவும் கதைக்கிறவ. நானும் பூசைக்கு வரத்தான் இருக்கிறன். இந்த மாடித் தட்டிலை இந்த ஒரு அறைதான் மிச்சம், கெதியா முடிச்சிட்டு ஓடுவம் எண்டு வந்தனான். அல்லோரா, இது என்ன? கட்டில் விரிச்சுக் கிடக்குது.

— நான்... பழுதாக்கேல்லைப் பிள்ளை. அதாலை நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை.

— இருங்கோ, குளியலறையைப் பாத்திட்டு வாறன். மதோன்னா. கண்ணாடி துடைச்சிருக்குது. துவாய் மூண்டா மடிச்சிருக்குது. கக்கூசுக் கடுதாசியின்ரை நுனியும் முக்கோணமா மடிச்சிருக்குது. ஆர் வந்தது? எங்கடை மேற்பார்வை மனிசி வந்தவவோ?

— ஒருத்தரும் வரேல்லை.

— அப்ப இந்தக் கட்டில்? நேற்று நான் விரிச்ச மாதிரி இது இல்லை. நாங்கள் மூலையைச் சும்மா சரிச்சு மடிக்கிறனாங்கள். இது ரெண்டு தரம் மடிச்சு, வாலை உள்ளுக்கு இழுத்துச் செருகியிருக்குது. இது செலஸ்ரீனா அன்ரியின்ரை மடிப்பு. எனக்கு இஞ்சை வேலை கிடைச்ச நேரம், கோயில் ஹோலிலை மேசைத் துணியை வைச்சு அவதான் காட்டித் தந்தவ. எனக்கு இப்பவும் சரியா வராது. அங்கிள், நீங்களோ விரிச்சது?

— நானோ? நான் படுத்த பாயைச் சுருட்டினாலே அவ ஆண்டவருக்கு நன்றி சொல்லுறவ.

— பின்னை ஆர்?

— மொனிகா, அதை விடு. ஒண்டு கேக்கிறன். நீங்கள் விரிப்பு, துவாய் எல்லாம் அடுக்கி வைக்கிற அறை எங்கை இருக்குது?

— குசினிக்குப் பின்னாலை, ஒடுங்கின படியிலை அரைவாசி ஏறினா. ஏன் அங்கிள்?

— யன்னல் இருக்கோ அதிலை?

— அதிலை என்ன யன்னல். ஒரு லைற். நான் கட்டை, எனக்கே நிமிர்ந்தாத் தலை முட்டும். சுவரிலை ஒரு சிலுவை கொழுவியிருந்த அடையாளம் இருக்குது. ரெண்டு தரம் பெயின்ற் அடிச்சவை, பிறகும் தெரியுது. சிலுவையை எடுத்தாலும் சுவர் மறக்குதில்லை எண்டு நாங்கள் கதைக்கிறனாங்கள்.

— சரி பிள்ளை. நீ போ. உடுப்பை மாத்திக்கொண்டு வா, கோயிலிலை காண்பம்.

— ஓம் அங்கிள். அறை இவ்வளவு வடிவாக் கிடக்குது, எனக்கு இண்டைக்கு அன்ரியே வந்து வேலையைச் செய்து தந்த மாதிரி இருக்குது. வாறன்.

— போட்டாளோ தம்பி?

— போட்டாள்.

— இப்ப விளங்குதோ, அக்கா எங்கை படுத்தவ எண்டு?

— விளங்குது.

— அந்தச் சிலுவை நான் வாங்கிக் குடுத்தது. மலையிலை, சாந்தா ரொசாலியாக் கோயிலடியிலை. யன்னல் இல்லாத அறைக்கு வேறை என்னத்தைக் கொண்டுபோய்க் கொழுவுறது? ஜோசுவா.

— ஓம் அத்தான்.

— என்னை நிமிர்ந்து பாரும். அந்தக் கட்டிலை நீர்தானே விரிச்சனீர்?

— பழக்கம்.

— என்ன பழக்கம்? கோட்டையிலை யாழ் கேட்டுக்கொண்டிருக்கிறவைக்குக் கடுதாசி நுனி மடிக்கிற பழக்கம் எப்பிடி வரும்?

— யாழ் கேக்கிறதுதான். படிக்குக் கீழை நிண்டு. அந்த நேரத்திலைதான் சாப்பிடப் போனவையின்ரை அறைக்குள்ளை போய் விரிப்பைத் திருப்பிவிட்டு, தலையணையிலை சொக்லேற் வைக்க வேணும்.

— அப்ப 'அறைகளுக்குப் பொறுப்பு'?

— பொறுப்புத்தான். மேல்மாடி முழுக்க என்ரை பொறுப்பு. எவன் எந்த அறையிலை சத்தி எடுத்தாலும் என்ரை பொறுப்பு. நான் உங்களைப் பேய்க்காட்டேல்லை அத்தான். அக்கா பொய் சொல்லேல்லை எண்டு சொன்னியளே, அந்த மாதிரித்தான் நானும்.

— ஒரே வயித்துப் பிள்ளையள்.

— சிரிக்காதையுங்கோ.

— சிரிக்கேல்லை ராசா. சத்தியமாச் சிரிக்கேல்லை. இந்த ஹோட்டலுக்கு எப்பிடி வந்தனீர்?

— அங்கையும் இஞ்சையும் ஒரே கொம்பனி. வேலை செய்யிறவைக்கு வருசத்திலை ஒரு இரவுக்கு வாடகை குறைச்சுத் தருவினம். இவ்வளவு வருசத்திலை நான் ஒருக்காலும் எடுக்கேல்லை. அக்காவின்ரை அறை எண்டுதான் எடுத்தன். நேற்றுத்தான் முதன்முதலா ஒரு ஹோட்டல் கட்டிலிலை விருந்தாளியாப் படுத்தன். நித்திரை வரேல்லை. விடிய ஆரோ ஒரு பிள்ளை வந்து இதை உருவ வேணுமே எண்ட யோசினை. எழும்பி விரிச்சுப்போட்டு, நிலத்திலை படுத்திட்டன்.

— நிலத்திலையோ? தலையணை மெனுவை வைச்சுக்கொண்டு?

— தலையணையும் எடுக்கேல்லை.

— விசரன்.

— செத்தவீட்டுக்கு ஏன் வரேல்லை எண்டு நீங்கள் போனிலை கேட்டியள். முக்கியமான கூட்டம் எண்டு சொன்னன். கூட்டமும் இல்லை மண்ணும் இல்லை. அந்தக் கிழமை கோட்டையிலை கலியாணம். மனிசி பிள்ளை எண்டா லீவு தரலாம், சகோதரிக்கு இப்ப ஏலாது, சீசன் எண்டு சொல்லிப்போட்டினம். நீங்கள் அக்காவைப் பெட்டியிலை வைச்ச நேரம், நான் ஆரோ ஒரு கலியாணப் பொம்பிளையின்ரை கட்டிலிலை ரோசாப்பூ இதழ் தூவிக்கொண்டு நிண்டனான். இதய வடிவிலை தூவ வேணும். மேற்பார்வைக்காரி வந்து, ஒரு பக்கம் கோணல் எண்டு சொன்னவ. திருப்பித் தூவினன். விடிய அதைப் பொறுக்கினதும் நான்தான்.

— காணும். கண்ணைத் துடையும். அந்த மலிவான கடுதாசியை எடுக்காதையும், இந்தா, என்ரை லேஞ்சி.

— இஞ்சை கடுதாசி மலிவில்லை அத்தான்.

— எனக்குத் தெரியும். பகிடிக்குச் சொன்னன்.

— அந்த மடிப்பு அக்கா பழக்கினது. மன்னாரிலை, சிஸ்டர்மாற்றை ஆஸ்பத்திரியிலை அவ கட்டில் விரிக்கப் போறவ. அம்மா இல்லைத்தானே. என்னை விட்டிட்டுப் போக ஆளில்லாமல் கூட்டிக்கொண்டு போவா. அவ ஒரு அந்தத்தைப் பிடிப்பா, நான் மற்ற அந்தம். ரெண்டு தரம் மடிச்சு, வாலை உள்ளுக்கு இழுத்து. அந்த ஆஸ்பத்திரியிலையும் வேறை ஒருத்தரும் அப்பிடி மடிக்கிறேல்லை. அது அவவா உண்டாக்கினது. நோயாளி புரண்டாலும் கழராது எண்டு சொல்லுவா. கோட்டையிலையும் எனக்கு எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தினம், எங்கடை முறையிலை மடி எண்டு. கை கேக்காது.

— ம்.

— இப்ப இந்தப் புத்தகத்தை என்ன செய்யிறது? இஞ்சையே கட்டிலுக்குக் கீழை விட்டிட்டு வாறனோ?

— விட்டா அந்தப் பிள்ளைதான் தூக்கிக்கொண்டு திரிய வேணும்.

— ஓம். அதுவும் சரி.

— கொண்டு வாரும். என்ரை வீட்டு அலுமாரிக்கு மேலை கிடக்கட்டும். ஒண்டை மட்டும் வெளியிலை எடும். பூசை முடிஞ்சு அவவிட்டைப் போவம். அவவின்ரை சவப்பெட்டி இன்னும் சேமக்காலைக் கொட்டகையிலைதான் கிடக்குது. இந்த ஊரிலை செத்த ஆக்களும் வரிசையிலை நிக்க வேணும், புதைக்க இடம் வருமட்டும். அங்கையும் அவவுக்கு யன்னல் இல்லை. பெட்டிக்கு மேலை ஒரு புத்தகத்தை வைப்பம். அந்தரங்க ஆலோசகர் எண்டதை வாசிச்சு, இருந்தாச் சிரிச்சிருப்பா.

— ஃபாதர் மைக் தந்தா நான் என்னத்தைச் சொல்ல?

— அவ வளத்த தம்பி எண்டு சொல்லும். வந்த எல்லாருக்கும் நன்றி எண்டு சொல்லும். பிறகு எங்களோடை நிண்டு கதிரை அடுக்கும். அதுக்குமேலை அந்தச் சனத்துக்கு ஒண்டும் தேவையில்லை.

— சரி அத்தான். வாங்கோ, போவம். ஒரு புண்ணியம்.

— என்ன புண்ணியம்?

— என்ரை சங்கதி அக்காவுக்குத் தெரியாமலே போச்சு. நான் கோட்டையிலை பெரிய ஆள் எண்ட நினைப்போடை கண்ணை மூடினா. அது காணும் எனக்கு. ஒவ்வொரு வருசமும் 'வா அக்கா, வா' எண்டு கூப்பிடுவன். கூப்பிட்டிட்டு, வந்திடுவாவோ எண்டு பயந்துகொண்டு இருப்பன். என்ரை மகள் அனிற்றான்ரை கலியாணம் கோட்டையிலை எண்டு சொல்லி அவவைக் கூப்பிட்டு வைச்சிட்டன். கடைசியிலை ஹோல் எடுத்துச் செய்ததுதான். அவ வந்தா என்ன சொல்லுறதெண்டு நான் நித்திரையில்லாமல் கிடக்க, கலியாணக் கிழமை போன் வந்துது, சிஞ்ஞோறாவுக்கு வருத்தம் கடுமை, வரேலாது எண்டு. அப்பதான் எனக்கு மூச்சு வந்துது. சொந்த அக்கா வரேல்லை எண்டு சந்தோசப்பட்ட சனியன் நான்.

— அனிற்றான்ரை கலியாணத்துக்கோ?

— ஓம்.

— சிஞ்ஞோறா அப்ப செத்து ரெண்டு வருசம்.

— என்ன?

— வீட்டை மகன் வித்து, இஞ்சை ஹோட்டல் வேலையும் தொடங்கியாச்சு. நாங்கள் பகேரியாவுக்குப் போட்டம். அவ படி கழுவிக்கொண்டிருந்தவ. உம்மடை மகளின்ரை கலியாணத்துக்கு நீலச் சாறி ஒண்டு வாங்கி, பிளவுசும் தைப்பிச்சு வைச்சவ. அந்தச் சாறியோடைதான் அவவைப் பெட்டியிலை வைச்சம்.

— அப்ப ஏன் வரேல்லை? காசு இல்லையோ? லீவு இல்லையோ? அத்தான், ஏன் என்ரை அக்கா வரேல்லை?

— சாறி வாங்கி வந்த கிழமைதான், கலியாணம் நடக்கப்போற கோட்டை எண்டு நீர் ஒரு படம் அனுப்பினீர். நாலுகால் கட்டிலிலை, கோட்டுப் போட்டுக்கொண்டு, சாஞ்சுகொண்டு.

— ஓம். ஆக்கள் வெளிக்கிட்டுப் போன அறையிலை எடுத்தது.

— கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தவ. உம்மடை முகத்தை இல்லை, கட்டில் மூலையை. பிறகு சாறியை மடிச்சு அலுமாரிக்குள்ளை வைச்சிட்டு வந்து சொன்னவ: 'இஞ்சருங்கோ, இந்தக் கட்டிலை விரிச்சது என்ரை தம்பி. இனி அவன் எத்தினை தரம் கூப்பிட்டாலும் நான் அங்கை போகக்கூடாது. பாவம், பெடியன் வெக்கப்படுவான்.'